பதினோரு நிமிஷத்து லேப்டாப்

ஸ்கேல் சாரின் லேப்டாப் திறப்பதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். பத்து ஆகாது, பன்னிரண்டும் ஆகாது. அளந்து பார்த்துத்தான் சொல்வார். அளக்காமல் ஒன்றைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பட்டப்பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருடமாக வேலை. சட்டைப் பையில் பேனாவுக்குத் துணையாக ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மேஜை ஆடினால் மற்றவர்கள் காகிதத்தை மடித்துக் காலடியில் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் குனிந்து, இடைவெளி எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி மடிப்பார். அவர் சொருகிய காகிதம் பிறகு நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகம் தன் பெரிய கூடத்தைக் காலி செய்தது. எல்லோரும் வீட்டிலிருந்தே வரையலாமே என்றார்கள். ஆளுக்கொரு லேப்டாப்பை அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். இவருக்குக் கிடைத்தது அப்போதே ஆறு வயதானது. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏறினார். முப்பத்தாறு படி. ஒன்பதாவது படி மட்டும் முக்கால் அங்குலம் உயரம் அதிகம். புதிதாக யார் வந்தாலும் அங்கே தடுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். யாரும் வராததால் சொல்லி வைக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை.

வீட்டில் அவர் ஒருவர்தான். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் பேசுகிறவர்களுக்கே அலுத்துவிட்டது. அம்மா இருந்தவரை அவரோடு இருந்தாள். போய் ஐந்து வருடம் ஆகிறது. மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் சுருட்டிய வரைபடங்கள் சாய்ந்துகொண்டிருக்கும். ஊரார் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கெல்லாம் ஆறு நாற்காலி போடுகிற மனிதர். அந்த ஆறு நாற்காலியும் மேஜையும் கம்ப்யூட்டரில் ஒரே துண்டாகத் தயாராக இருக்கும். எடுத்து வைத்தால் முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு குடும்பங்களை அப்படி உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பைச் சற்றே ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் தன் தட்டை வைத்துச் சாப்பிடுவார்.

காலை எட்டே முக்காலுக்கு லேப்டாப்பின் பொத்தானை அமுக்குவார். உள்ளே ஏதோ முக்கி முனகிக்கொண்டு எழுந்திருக்கும். கர்ர்... கர்ர்... டக். பழைய ஹார்ட் டிஸ்க். இரண்டாவது நிமிடத்தில் கம்பெனியின் சின்னம் வரும். ஐந்தில் பாஸ்வேர்டு கேட்கும். எட்டில் மலையும் ஏரியுமாக ஒரு படம் வரும், ஆனால் வெறும் படம்தான். எதையும் தொட முடியாது. பதினொன்றில்தான் அதன் மேல் இருக்க வேண்டிய சின்னங்களெல்லாம், மீட்டிங்குக்குத் தாமதமாக வருகிறவர்களைப் போல, ஒவ்வொன்றாக வந்து இடம்பிடிக்கும்.

பொத்தானை அமுக்கிய கையோடு அக்காவுக்குப் போன் போடுவார். ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவார்.

"போட்டுட்டியா?" என்பாள் அக்கா.

"போட்டுட்டேன்."

"கேக்குது, கேக்குது. அரவை மிஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு."

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் அவளும் அத்தானும்தான். அத்தானுக்குக் காது மந்தம்.

"அத்தான் என்ன பண்றார்?"

"டிவியும் அவரும் மாறி மாறிக் கத்திக்கிட்டிருக்காங்க. காது மிஷினை மாட்டிக்கிட்டா என்னன்னு கேட்டா, மாட்டினா டிவி ரொம்பச் சத்தமா இருக்காம். இந்த நியாயத்தை நான் எங்க போய்ச் சொல்ல?"

"சத்தத்தைக் கொறைக்கச் சொல்லு."

"நான் சொன்னாத்தான் கேக்காதேடா அவருக்கு!"

பேச்சு அப்படியே போகும். முழங்கால் வலி, கடையில் வாங்கிய விளக்கமாறு மூன்றே நாளில் உதிர்ந்தது, எதிர்வீட்டுக்காரர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி வழிந்து தெருவே குளமானது. "தண்ணியை இப்படிக் கொட்டுவாங்களா? அவங்க வீட்டு கேட்டுல நின்னு நல்லாத் திட்டிட்டு வந்தேன்." இவரும் தன் பங்குக்கு ஏதாவது சொல்வார். படிக்கட்டு விளக்கு மறுபடியும் போய்விட்டது. நேற்று ஒரு வீட்டுக்கு வரைந்தேன், அவர்களுக்குக் குளியலறை கூடத்தைவிடப் பெரிதாக வேண்டுமாம். "குளிச்சுக்கிட்டே விருந்தாளிங்களைப் பார்ப்பாங்களோ என்னவோ," என்பாள் அக்கா. நடுநடுவே, "அரைச்சு முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொள்வாள். "இன்னும் இல்ல." அப்புறம் பதினோராவது நிமிடம். "தெறந்துடுச்சுக்கா." "சரி, வை."

அவ்வளவுதான். போய் வருகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிற இழுவையெல்லாம் கிடையாது. பேச்சை எப்படி முடிப்பது என்ற கவலை இருவருக்குமே இல்லை. லேப்டாப் முடித்துவைக்கும்.

இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் அவர்கள் பேசிக்கொண்டிருக்கவே மாட்டார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. அப்பா காலத்திலிருந்தே போன் என்பது விஷயத்துக்கு மட்டும். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், யாராவது போய்ச் சேர்ந்தால், யாராவது ரயிலில் வந்து இறங்கினால். சும்மா கூப்பிடுவது என்று ஒன்று அந்தக் குடும்பத்தில் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டிலிருந்து வேலை ஆரம்பித்த முதல் வாரத்தில், அம்மாவின் பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்து, அதை வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று கேட்கத்தான் அவர் கூப்பிட்டார். அக்கா, "என்னடா பின்னால கரகரன்னு சத்தம்?" என்று கேட்டாள். லேப்டாப் திறக்கிறது என்றார். "அது தெறக்குற வரைக்கும் என்ன பண்ணுவே?" "சும்மா இருப்பேன்." "அப்ப பேசிக்கிட்டிரு." மறுநாள் லேப்டாப் திறக்கும்போது அவர் தானாகக் கூப்பிட்டார். அக்கா பயப்படவில்லை. ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கெட்ட காலம் ஒரு கதவின் வடிவில் வந்தது.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருப்பவர் எஞ்சினியர் மேடம். இவரைவிட இருபது வயது சின்னவர், வேலையில் கெட்டி. வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார்.

"சார், அந்த மாடி வீட்டு பிளான்ல சமையலறைக் கதவு எந்தச் சுவர்ல?"

"கிழக்குல மேடம். செவ்வாய்க்கிழமைதானே மாத்தினோம்."

"நீங்க அனுப்பினதுல வடக்குலயே இருக்கு. மேஸ்திரி அங்கயே கதவை நிறுத்திட்டார். தெறந்தா மாடிப்படியில இடிக்குது. வீட்டுக்காரம்மா சைட்ல நின்னுக்கிட்டு, 'சமையல் பண்ணணும்னா படிக்கட்டை மடிச்சு வச்சுட்டுத்தான் உள்ள போகணுமா'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

ஸ்கேல் சாருக்குக் காது சூடேறியது. இருபத்தேழு வருடத்தில் அவர் போட்ட கதவு எதிலும் இடித்ததில்லை.

என்ன நடந்தது என்று அன்றே கண்டுபிடித்துவிட்டார். வரைபடத்தைச் சேமிக்கும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லை, சத்தத்தைக் கேட்பார். டிஸ்க் கர்ர் என்று அரைத்து, அரைப்பது நின்றால் சேமித்தாயிற்று என்று அர்த்தம். அந்த லேப்டாப்போடு மூன்று வருடம் வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. செவ்வாய்க்கிழமையும் அரைத்தது, நின்றது. முடித்துவிட்டுத்தான் நிற்கிறது என்று நினைத்து அணைத்தார். அது முடியாமல் நின்றிருக்கிறது. மறுநாள் திறந்தபோது திங்கட்கிழமை வரைபடமே மேலே வந்து நின்றது. ஒரு கதவைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க, அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

எஞ்சினியர் மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தப்பு உங்க மேல இல்ல சார், அந்த டப்பா மேல. அந்தப் பழைய டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டுக்கோங்க. ஆபீஸ்ல வாங்கித் தர்றோம், நீங்க கடைக்குக் கொண்டுபோனா போதும்."

"பார்க்கலாம் மேடம்."

"இதுல பார்க்குறதுக்கு என்ன சார் இருக்கு? எல்லாரும் மாத்தியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அடுத்த வெள்ளிக்குள்ள மாத்திடுங்க."

லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை கடைக்குப் போனார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கடை. கடைக்காரருக்கும் இவர் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேப்டாப்பை ஓடவிட்டு, அதன் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு வாங்குது சார். எத்தனை நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"தெறக்க எவ்வளவு நேரம் எடுக்குது?"

"பதினோரு நிமிஷம்."

"பதினொண்ணா! அது வரைக்கும் என்ன சார் பண்ணுவீங்க?"

ஸ்கேல் சார் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தார், பிறகு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது உள்ள தட்டு சுத்துற டிஸ்க் சார், அதான் இந்தப் பாடு. எஸ்எஸ்டியில சுத்தறதுக்கு ஒண்ணுமே கிடையாது. சத்தமே வராது. பொத்தானை அமுக்கிட்டுக் கையை எடுக்குறதுக்குள்ள வந்து நிக்கும். மிஞ்சிப் போனா பதினஞ்சு செகண்ட்."

"கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு பலமாகச் சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க சார்!" ஸ்கேல் சாரும் கொஞ்சம் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான்கு நாள் யோசித்தார். லேப்டாப்பை மாற்றிவிட்டு அக்காவோடு பேசினால் யார் தடுக்கப் போகிறார்கள்? சும்மாவே கூப்பிடலாமே. உலகத்தில் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் பேசிக்கொள்ளாமலா இருக்கிறார்கள்? இதையும் அளந்து பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு காரணமும் இல்லாமல், போனை எடுத்துக் கூப்பிட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா. "என்னடா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"யாருக்கு என்ன? நீ எங்க இருக்கே? நெஞ்சு வலியா?"

"அதெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப எதுக்குடா இந்த நேரத்துல கூப்பிட்டே?"

சும்மா என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. "அம்மாவோட அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு உன்கிட்டயா இருக்கு?"

"அதைக் கேக்கவா? கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு எனக்கு! காலையில கேட்டா ஆகாதா?" பின்னால் அத்தான், "யாரு? யாரு போயிட்டாங்க?" என்று கத்துவது கேட்டது. "யாரும் போகல, நீங்க டிவியைப் பாருங்க!" என்று அக்கா திருப்பிக் கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கூடு அவருடைய அலமாரியில்தான் இருந்தது.

ஆக, பழைய டிஸ்கை வைத்துக்கொண்டால் காலைப் பேச்சு மிஞ்சும். ஆனால் இன்னொரு நாள் இன்னொரு வீட்டில் இன்னொரு கதவு இடிக்கும். மாற்றினால் கதவெல்லாம் சரியாகத் திறக்கும். இவருக்கு இருக்கிற ஒன்று மூடிக்கொள்ளும். வியாழக்கிழமை காலை அக்காவோடு பேசிவிட்டு, அந்த மாடி வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வடக்குச் சுவரில் கதவை நிறுத்தி, பெயர்த்து, ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் கடந்துதான் மாடிக்குப் போக வேண்டும். லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஒன்பதாவது படியில் அவருக்கே தடுக்கியது.

கடைக்காரர் பழைய டிஸ்கிலிருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றி, சாயங்காலம் கையில் கொடுத்தார். பழையதையும் ஒரு சின்னக் கூட்டுக்குள் போட்டு வயரோடு தந்தார். "வீசிடாதீங்க சார், அவசரத்துக்கு ஆகும். ஆனா நம்பிடாதீங்க." பிறகு, "இனிமே அந்தப் பதினோரு நிமிஷமும் உங்களுக்கு லாபம்!" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்கால். பொத்தானை அமுக்கினார். போனை எடுத்தார். அங்கே மணி மூன்றாவது முறை அடிக்கும்போது, மலையும் ஏரியும் எல்லாச் சின்னங்களோடும் வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்," என்றார். அது பொய்யில்லை.

"அரைச்சு முடிஞ்சுதா?" என்று நடுவில் வழக்கம்போலக் கேட்டாள். "இன்னும் இல்ல," என்றார். அது பொய்.

பொய்யைக் காப்பாற்றுவது தனி வேலை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் அவர் நேரத்தைப் பார்த்ததே இல்லை, லேப்டாப் பார்த்துக்கொண்டது. இப்போது பேச்சு முழுக்க ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது. ஆறு நிமிடத்திலேயே பேச்சு தீர்ந்துபோய், மிச்சம் ஐந்து நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று திண்டாடினார். அக்கா விளக்கமாற்றைப் பற்றிச் சொல்லும்போது, "ம்... ம்..." என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. பதினொன்று ஆனதும், "தெறந்துடுச்சு," என்றார். அன்று அது நிம்மதியாகக்கூட இருந்தது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சனியும் ஞாயிறும் விடுமுறை. லேப்டாப் இல்லை, பேச்சும் இல்லை. திங்கள் கழிந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா கேட்டாள்: "என்னடா, அரவை மிஷின் சத்தத்தையே காணோம்?"

"இன்னிக்கு ஏதோ அமைதியா இருக்கு."

"நேத்தும் காணோமே."

அன்று மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். பிறகு நினைத்தால் அவருக்கே சிரிப்பு வந்தது. பழைய டிஸ்க் இருந்த கூட்டை எடுத்து, வயரை லேப்டாப்பில் சொருகிப் பார்த்தார். உள்ளே முனகல் கேட்டது. புதன்கிழமை காலை அதை ஓடவிட்டு, போனை அதன் பக்கத்தில் நெருக்கி வைத்தார்.

டக். டக். டக்.

"என்ன சத்தம்டா அது?"

"லேப்டாப்தான்."

"இது வேற சத்தமால்ல இருக்கு. கதவைத் தட்டுற மாதிரி இருக்கே. யாரோ வந்திருக்காங்க பாரு."

"யாரும் வரலக்கா."

"தட்டுறாங்கடா, போய்த் தெற."

"யாரும் வரல. இங்க யார் வர்றா?"

அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். டிஸ்க் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கினார்.

"இப்ப நின்னுபோச்சு," என்றாள் அக்கா. "டேய். உண்மையைச் சொல்லு."

சொன்னார். கதவு இடித்தது, மேடம் சொன்னது, கடைக்குப் போனது, பழைய டிஸ்க், வயர், எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்ப எவ்வளவு நேரத்துல தெறக்குது?"

"பதினாலு செகண்ட்."

"எப்ப மாத்தினே?"

"போன வியாழக்கிழமை."

"தெறந்து வச்சுக்கிட்டே, 'இன்னும் இல்ல, இன்னும் இல்ல'ன்னு சொல்லிக்கிட்டிருந்தியா?"

"ம்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். திட்டினாலும் சரிதான். அக்கா இரண்டும் செய்யவில்லை. "அப்ப இனிமே லேப்டாப் தெறக்க நேரமே ஆகாது," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு, "சரி, வேலையைப் பாரு," என்று வைத்துவிட்டாள். மூன்று வருடக் காலைப் பேச்சில் அவள் முதலில் வைத்தது அன்றுதான். மணி எட்டு ஐம்பது.

வியாழக்கிழமை லேப்டாப் திறந்தது. போன் பக்கத்தில் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் சொல்லலாம் என்பதுதானே அந்தப் பதினோரு நிமிடம். மாடி வீட்டின் மிச்ச வரைபடத்தை முடித்தார். ஜன்னல் அட்டவணை போட்டார். மத்தியானம் மூன்றரைக்கு எஞ்சினியர் மேடம் கூப்பிட்டபோது, "ஹலோ" என்று சொல்லவந்து குரல் எழும்பவில்லை. இருமித்தான் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. அன்று அவர் பேசிய முதல் சொல் அது.

"உடம்பு சரியில்லையா சார்?"

"இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்."

"சூப்பரா வேலை போகுது சார். பார்த்தீங்களா, அப்பவே சொன்னேன்ல?"

வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. சனிக்கிழமை நாற்காலியிலிருந்த வரைபடங்களை எடுத்து அடுக்கினார். காலியான நாற்காலி பார்க்க என்னவோபோல் இருந்தது. மறுபடியும் அதிலேயே வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினார். திங்கட்கிழமை எட்டு நாற்பத்தாறுக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார். செவ்வாய்க்கிழமையும்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பொத்தானை அமுக்கப்போன நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

அக்காவாக என்றைக்கும் கூப்பிட்டதில்லை. அம்மா போன அன்றுகூட இவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"என்னக்கா? என்ன ஆச்சு? அத்தானுக்கா?"

"அவருக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி டிவி முன்னாடி உக்காந்திருக்கார். மோட்டார் போட்டிருக்கேன்."

"என்ன போட்டிருக்கே?"

"தண்ணி மோட்டார்டா. மாடித் தொட்டிக்கு ஏத்தறேன். நெறையப் பதிமூணு நிமிஷம் ஆகுது. கூடவே நிக்கணும், இல்லன்னா வழிஞ்சு தெருவுக்குப் போயிடும். சும்மா நின்னுக்கிட்டிருக்கேனே, அதான் கூப்பிட்டேன்."

ஸ்கேல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதிமூணு நிமிஷம்னு எப்படித் தெரியும்?"

"கடிகாரத்தை வச்சுப் பார்த்தேன். திங்கக்கிழமை பன்னெண்டரை, நேத்து பதிமூணு. உனக்கு மட்டும்தான் அளக்கத் தெரியுமா?"

போனுக்குள் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, லேப்டாப்பின் பொத்தானை அமுக்கினார். அது பதினாலு செகண்டில் திறந்து, மலையும் ஏரியுமாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அக்கா அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துச் சொன்னாள். முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வாங்கியது, அதன் நாற்றத்தில் அத்தான் வேறு அறைக்குப் போய்ப் படுத்தது. "போனதும் நல்லதுதான். குறட்டையில்லாமத் தூங்கினேன்." இவர் எண்ணெய் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டார். சொன்னாள். இவர் சிரித்தார். சிரிக்கும்போது குரல் கரகரத்தது. கடிகாரம் எதிர்ச் சுவரில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

சற்று நேரம் கழித்து, மோட்டார் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் சலசலவென்று, பிறகு சிமெண்ட் தரையில் சடசடவென்று விழுகிற சத்தம்.

"அக்கா, தண்ணி வழியுதுபோல இருக்கே."

"ம்."

"மோட்டாரை நிறுத்தலையா?"

"எனக்கும் கேக்குதுடா," என்றாள் அக்கா. "நிறுத்துறேன். அந்த மாடி வீட்டுக் கதவு என்னாச்சு? அந்தம்மா சமாதானம் ஆயிட்டாங்களா? முதல்லேர்ந்து சொல்லு."

அவர் கதவைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வடக்குச் சுவர், கிழக்குச் சுவர், படிக்கட்டுக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் லேப்டாப் வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, யாரும் தொடாததால், தானாகவே திரையை அணைத்துக்கொண்டது.